போதும் அண்ணனும் அரைஞாண் கயிறும்

சாப்பாட்டுக் கடை வைத்துக்கொண்டு, வந்தவனைச் சாப்பிடவிடாமல் இலையிலிருந்து எழுப்பி அனுப்பிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் பிறந்தார். அவர் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு மெஸ்ஸில் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. 'போதும்' அண்ணன் என்றால் தபால்காரருக்கே தெரியும்.

மற்ற ஊர்களில் சாப்பிடுகிறவன்தான் இலைக்குக் குறுக்கே கையை நீட்டிப் 'போதும்' என்பான். எங்கள் மெஸ்ஸில் பரிமாறுகிறவர் சொல்வார். துக்க வீட்டில் சேதி சொல்கிற முகத்தோடு சொல்வார். வாசலில் 'அளவில்லாச் சாப்பாடு' என்று போர்டு தொங்கும். புதிதாக வந்த பஸ் கண்டக்டர் ஒருவர் அதைக் காட்டிச் சண்டைக்குப் போனார்.

"போர்டு இன்னா சொல்லுதுன்னு பாத்தீங்களா?"

"பாத்தேங்க. சோத்துக்கு அளவில்லன்னு சொல்லுது. உங்க வயித்துக்கு அளவு கீதே. எழுந்திருங்க, போதும்."

நான் அப்போது அந்த ஊரில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். கல்யாணம் ஆகாதவன். மூன்று வேளையும் அந்த மெஸ்தான். கடை, போதும் அண்ணனின் அக்கா பாக்கியத்துக்குச் சொந்தம். அக்கா உள்ளே சமைப்பார், தம்பி வெளியே பரிமாறுவார். நடுவில் ஒரு ஜன்னல். அதன் வழியாகக் குழம்பும் வரும், வசவும் வரும்.

அண்ணனுக்கு இந்தக் கிறுக்கு பிடித்ததற்குக் காரணம் உண்டு. மெஸ்ஸை ஆரம்பித்தவர் அக்காவின் கணவர். நல்ல பருமன். தினமும் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து, பருப்பு மேலே நெய் குளம் கட்டும்வரை கையைக் குறுக்கே நீட்டமாட்டாராம். மச்சான் கேட்கக் கேட்க ஊற்றியவர் நம் போதும் அண்ணன்தான். ஒரு நாள் மத்தியானம் அந்த மனிதர் சாப்பிட்டு எழுந்துபோய்க் கல்லாப்பெட்டி மேல் தலையைச் சாய்த்தவர், பிறகு நிமிரவே இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து கடை திறந்த அன்றைக்கே, முதல் பந்தியில் அண்ணன் 'போதும்' சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"ஒருத்தன் குண்டாவறான்னா அதுக்கு யாரு பொறுப்பு?" என்று அடிக்கடி கேட்பார். "துன்றவன் கேட்டுகினேதான் இருப்பான். கரண்டி யாரு கையில கீது? என் கையில. அப்ப பொறுப்பு என்னுது."

ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா கத்துவார். "அவரு இளைச்சுப் போயிருந்தா மட்டும் ஊரு சும்மா இருந்திருக்குமாடா? பொண்டாட்டி சோறு போடறதில்லன்னு என்னைத்தான் பேசியிருக்கும். பசியோட வந்தவனை எழுப்பி உட்றியே, அந்தப் பாவத்துக்கு யாரு பொறுப்பு?"

அண்ணன் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்கு நகர்ந்துவிடுவார்.

பொறுப்பை எடுத்துக்கொண்டால் அளக்க வேண்டுமே! அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். ஆம்பிளை என்றால் இடுப்பில் அரைஞாண் கயிறு இருக்கும்; கட்டிய அன்றைக்குத் தளர்வாகத்தான் கட்டுவார்கள். அண்ணன் இலை போடும் முன்பு மாதக் கணக்குக்காரர்களை வரிசையாக நிற்கவைத்து, கயிற்றுக்கும் வயிற்றுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்ப்பார். இரண்டு விரல் நுழைந்தால் நெய் உண்டு. ஒரு விரல் என்றால் சோறு இரண்டு தரம். விரலே நுழையவில்லை என்றால் ரசம், மோர், வாசல்.

நாங்கள் ஏமாற்றாமல் இல்லை. சர்வேயர் ஒருவர் சின்னசேலம் சந்தையில் புதுக் கயிறு வாங்கி, அதைத் தொளதொளவென்று கட்டிக்கொண்டு வந்தார். அண்ணன் கயிற்றைத் தடவிப் பார்த்தார். "புதுசா கீதே சார். பழசு எங்க?" சர்வேயருக்கு அன்று ரசம்தான். பெல்ட் போட்டவர்களை அவர் பக்கத்திலேயே சேர்க்கமாட்டார். "அதுல எங்க வேணா ஓட்டை போட்டுக்கலாம். பெல்ட்டு பொய் சொல்லும்."

பஸ் ஸ்டாண்டில் காசு போட்டால் எடையோடு பலனும் அச்சடித்து அட்டை தள்ளுகிற இயந்திரம் ஒன்று இருந்தது. அந்த அட்டையை நான் ஒரு தரம் காட்டி வாதாடினேன். வாங்கிப் பார்த்தார். "எடையும் சொல்லி சோசியமும் சொல்ற மிசினை நீ நம்புறியா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சுகாதார ஆய்வாளர் ஒருவர், உயரத்தையும் எடையையும் சேர்த்துப் பார்த்துத்தான் பருமனைச் சொல்ல வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். அதற்கும் அண்ணன் அசையவில்லை. "உயரமாங்க துன்னுது? வயிறுதானே துன்னுது."

இப்படி நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் ஏழுமலை வந்து சேர்ந்தான். எங்கள் அலுவலகத்து டைப்பிஸ்ட். கச்சிராயபாளையத்துக்கு அந்தாண்டை, மலையடிவாரத்து ஊர். வெள்ளை மனசு, நல்ல தீனி. வந்த புதிதில் இரண்டு விரல் நுழைந்தது. போகப் போக ஒன்று. பிறகு அதுவும் இல்லை. கையும் காலும் குச்சியாக இருக்க, வயிறு மட்டும் முன்னால் வந்துகொண்டிருந்தது. அண்ணன் அவனுக்கு நெய்யை நிறுத்தினார், பொரியலை நிறுத்தினார், மறுசோற்றை நிறுத்தினார். ஏழுமலை கெஞ்சுவான்.

"அண்ணே, இன்னும் ஒரு கரண்டிண்ணே."

"போதும் தம்பி. உன்னையும் கொன்னுட்டு நான் எங்க போறது?"

அப்போது இடஒதுக்கீட்டுப் போராட்டம் வெடித்தது. சாலையோரத்துப் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளிவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, கடைகளின் ஷட்டர் ஏறவே இல்லை. யார் பக்கம் நியாயம் என்று எங்கள் மெஸ்ஸிலேயே பந்திக்கு ஒரு கட்சி இருந்தது. அதைக் கிளற நான் இப்போது வரவில்லை. காய்கறி தீர்ந்தது, அரிசியும் அடி தட்டியது. கல்வராயன் மலையிலிருந்து முன்பே வந்திருந்த சாமை மூட்டையை அவிழ்த்து அக்கா கஞ்சி காய்ச்சினார். ஆளுக்கு ஒரு கிண்ணம். எங்கள் எல்லோருடைய கயிறும் தளர்ந்துபோனது. சர்வேயருக்கே இரண்டு விரல் நுழைந்தது. அண்ணன் முகத்தில் முதன்முதலாகச் சந்தோஷத்தைப் பார்த்தோம்.

ஏழுமலையின் கயிறு மட்டும் தளரவில்லை. சதையில் பதிந்து கிடந்தது.

"எங்கடா திருட்டுத்தனமா துன்னுகினு வர்றே?" என்று அண்ணன் உறுமினார். எல்லோரும் சிரித்தோம். ஊரில் ஒரு கடலை மிட்டாய்கூடக் கிடைக்கவில்லை. அவன் எங்கே போய்த் தின்பான்? சிரிப்பு அடங்குவதற்குள் அண்ணனுக்கும் அது உறைத்துவிட்டது. கிண்ணத்தைப் பார்த்தார், அவன் வயிற்றைப் பார்த்தார்.

"நான் ஊத்தனது இத்தினூண்டு கஞ்சிதானே..."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். ஏழுமலையின் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே இருந்தது.

"இது சோத்துல வந்த வயிறு இல்லடா. தண்ணி கோத்துகினு கீது. நீ பட்டினி போட்டது நோவுக்காரனைடா."

போதும் அண்ணன் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். அவர் அதைத் தரையில் வைத்து நான் பார்த்ததே இல்லை.

உள்ளூர் டாக்டர் பார்த்துவிட்டு, ஈரலில் கோளாறு, தள்ளிப்போடாமல் சேலத்துக்குக் கொண்டுபோங்கள் என்றார். எதில் கொண்டுபோவது? சின்னசேலம் போனால் ரயில் கிடைத்தாலும் கிடைக்கலாம் என்றார்கள். மறுநாள் விடிந்ததும் அண்ணன் கடைச் சைக்கிளின் கேரியரில் சாக்கை மடித்துப் போட்டு ஏழுமலையை உட்காரவைத்தார். அவர் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ள, நான் பின்னால் அவன் முதுகைத் தாங்கிக்கொண்டு நடந்தேன். மரம் கிடக்கும் இடமெல்லாம் அவனை இறக்கி, சைக்கிளைத் தாண்டவைத்து, பிறகு அவனைத் தாண்டவைத்தோம். ஏழுமலைக்கு மூச்சு வாங்கியது.

பாதி வழியில் மிகப் பெரிய மரம் ஒன்று. அதன்மேல் போராட்டக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் எங்களைப் பார்த்துச் சிரித்தான். "இந்த குண்டுதான் நோயாளியா? உங்க ரெண்டு பேரைத்தான்யா ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவணும்."

அண்ணன் சைக்கிளை என்னிடம் விட்டுவிட்டு நேராக அவன் முன்னால் போய் நின்றார். அவர்கள் கையில் கோடாரி இருந்தது.

"குண்டுன்னு சொல்லாத! இன்னா தெரியும் உனக்கு? வயித்தைப் பாத்து ஆளை அளக்கறியா நீ?"

ஊரில் ஒரு வயிற்றையும் விட்டுவைக்காத மனிதர், நடுரோட்டில் நின்று இப்படிக் கேட்டார். கேட்கும்போதே தேம்பி அழுதுவிட்டார். சிரித்தவன் மரத்திலிருந்து இறங்கி ஏழுமலையின் முகத்தைப் பார்த்தான், பிறகு வீங்கிய காலைப் பார்த்தான். மற்றவர்களைக் கூப்பிட்டான். நாலைந்து பேர் ஏழுமலையைக் கைத்தொட்டில் போலத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். இரண்டு பேர் சின்னசேலம் வரைக்கும் கூடவே வந்தார்கள். எங்கள் நல்ல நேரம், அன்றைக்கு ஒரு பாசஞ்சர் வந்தது.

ஏழுமலை பிழைத்தான். பல மாதம் கழித்து ஒரு மத்தியானம் மெஸ் வாசலில் வந்து நின்றான். வயிறு ஒட்டி, சட்டை தொங்கியது. அரைஞாண் கயிற்றில் கையே நுழையும்போல இருந்தது. அண்ணன் விரல் விட்டுப் பார்க்கவில்லை. யாருக்குமே பார்ப்பதை அவர் நிறுத்தியிருந்தார். உப்பு கூடாது என்று டாக்டர் சொன்னதால் அக்கா அவனுக்கென்று தனிச் சட்டியில் பருப்புக் கடைந்தார். அண்ணன் சோற்றைப் போட்டார், பருப்பை ஊற்றினார், மறுபடியும் சோற்றைப் போட்டார். ஏழுமலை இலைக்குக் குறுக்கே கையை நீட்டினான்.

"போதும்ண்ணே."

மெஸ்ஸே நிமிர்ந்து பார்த்தது.

"அத்த நான் சொல்லணும். கையை எடு," என்று இன்னொரு கரண்டி போட்டார். ஜன்னலுக்குப் பின்னால் அக்கா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

எனக்கு மாற்றல் வந்தது. கல்யாணம், பிள்ளைகள், இப்போது ஓய்வு. அக்காவும் தம்பியும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்ததாக ஏழுமலை போனில் சொன்னான். போன வாரம் ஒரு டாக்டர் என் இடுப்பைச் சுற்றி டேப்பை ஓட்டிவிட்டு, இவ்வளவு தொப்பைக்கு யார் சார் பொறுப்பு என்று கேட்டார். வீட்டில் மூன்றாவது தோசைக்குக் கையை நீட்டும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் வருகிறதா என்று சற்றுக் காத்திருந்து பார்க்கிறவன் நான். வருவதில்லை. அதனால் சாப்பிட்டுவிடுகிறேன். டாக்டரிடம் உண்மையைத்தான் சொன்னேன்: பொறுப்பு எங்கள் போதும் அண்ணனுடையது. அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.