நெருப்பெரிச்சலில் ஒரு நிலநடுக்கம்

பதற்றம் வந்தால் எனக்குக் கைகால் நடுங்காது. வாய்தான் வேலை செய்யும். எந்த மொழியில் செய்யும் என்பது அதற்கே தெரியாது.

நெருப்பெரிச்சல் என்ற எங்கள் பனியன் ஊரில் உட்கார்ந்துகொண்டு பனியாற்றுக்குக் காய்ச்சல் பார்க்கக் கிளம்பியவள் என் மகள் யாழினி. (பனிக்கும் பனியனுக்கும் சம்பந்தமில்லை என்று சொந்தக்காரர்களுக்கு விளக்கியே எனக்குத் தொண்டை போயிற்று.) பனிக்கட்டியை ஒரு பக்கம் தட்டினால் அதிர்வு மறுபக்கம் போகும். கடுங்குளிர் பனியில் விறுவிறுவென்று போகும். உருகும் பதத்தை நெருங்க நெருங்கச் சோம்பித் தேயும். அதை வைத்தே, துளை போடாமல், உள்ளே எவ்வளவு குளிர் என்று கணிக்கலாமாம்.

இமயமலைக்குப் போகும் ஆய்வுக் குழுவில் ஒரே ஓர் இடம். காலை பதினொரு மணிக்கு வீடியோ நேர்காணல். ஐஸ் கம்பெனியில் வாங்கிய பாளத்தைத் தட்டிக் காட்ட வேண்டும்.

"அப்பா, தரை அதிரவே கூடாதுங்க. பத்து நிமிஷம் மெஷினெல்லாம் நிக்கோணும்."

வீட்டை ஒட்டியே எங்கள் நிட்டிங் ஷெட். ஆபரேட்டர் முகேஷ், பீகார்க்காரர், நான்கு மெஷினையும் நிறுத்தினார். நான் ஜன்னலுக்கும் பாளத்துக்கும் நடந்தபடியே இருந்தேன். பாளத்திலிருந்து தண்ணீர் ஒழுகியது. என்னிடமிருந்தும்தான்.

"ஒரு எடத்துல உக்காருங்களேன். நீங்க நடக்கறதுக்கே தரை ஆடுது" என்றாள் மனைவி கற்பகம்.

யாழினி சுத்தியலை ஓங்கினாள். ஷெட்டில் ஒரு மெஷின் 'கர்ர்' என்றது. துடைக்கப் போன முகேஷின் கை பட்டனில் பட்டிருக்க வேண்டும். ஜன்னலுக்குப் பாய்ந்தேன்.

"சாலு! சாலு!"

கற்பகம் தெலுங்கு வீட்டுப் பெண். இருபத்தைந்து வருடமாக என் வாயை அடைக்க அவள் சொல்லும் சொல் அது. 'போதும்' என்று அர்த்தம். முகேஷின் இந்தியிலோ, 'மெஷினை ஓட்டு' என்று அர்த்தம்.

பணிவான மனிதர். இரண்டாவதையும் போட்டார். "ஐயோ, சாலு!" மூன்றாவது. தொண்டை கிழியக் கத்தினேன், நான்காவதும் ஓடியது. "சாலு ஹோ கயா, சார்!" என்று கட்டைவிரலை உயர்த்தினார்.

கணினித் திரையில் அதிர்வைக் காட்டும் கோடு பேய் பிடித்து ஆடியது. நேர்காணல் செய்த அம்மையார் பதறி, "எர்த்க்வேக்?" என்றார்.

"நோ மேடம். மை ஃபாதர்" என்றாள் யாழினி.

அப்புறம் அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த இரைச்சலுக்குள்ளேயே பத்துப் பதினைந்து முறை தட்டி, பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தாள். மெஷின் அதிர்வுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்க, சுத்தியல் தட்டு மட்டும் தனியாகத் தலைதூக்கியது. பனியாற்றில் காற்றும் தண்ணீரும் இதைவிட இரையும் என்று சிரித்தார் அம்மையார். இடம் கிடைத்துவிட்டது.

மகள் மலைக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டாள். நான்தான் இன்னும் தப்பவில்லை. இரண்டு தோசை முடிந்து 'சாலு' என்றால், கற்பகம் மூன்றாவதைத் தட்டில் போட்டுவிட்டுக் கட்டைவிரலை உயர்த்துகிறாள்.