காவல் அணுக்களுக்குச் சீனி அனுமதி

ஈப்போவுக்குப் பக்கத்தில், ரப்பர் மரங்களை அழித்துக் கட்டிய தாமான் மெலோர் குடியிருப்பில், புற்றுநோயைப் பட்டினி போட்டே கொல்வதென்று குடியிருப்பாளர் நலக்குழு போன வருஷம் ஏகமனதாகத் தீர்மானித்தது. புற்றணு சீனி தின்று வளர்கிறது; ஆகவே நோயாளி வீட்டில் சீனி இருக்கலாகாது. வாட்ஸாப்பில் மூன்று பேர் அனுப்பியிருந்ததால் மேற்கொண்டு விசாரிக்கத் தேவைப்படவில்லை.

இந்த வருஷம் நோயாளி புஷ்பலதா. திங்கட்கிழமை நாற்பத்திரண்டு கிலோ இருந்தால்தான் அடுத்த மருந்து ஏற்றுவோம் என்று டாக்டர் பமேலா சொல்லிவிட்டார். இருப்பதோ நாற்பத்தொன்று. வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை. இனிப்பாக ஒரு கோப்பை தே, பால் கலந்த தேநீர், இருந்தால் அதோடு நாலு ரொட்டியும் உள்ளே போகும். பயந்துபோய்க் குழுத் தலைவர் ஜெயபாலனைப் பார்க்கப் போனாள். அவர் முப்பது வருஷம் அரசாங்க ஆபீசில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர்.

"டாக்டர் சொல்றாங்கண்ணே, நோயோட சண்டை போடுற காவல் அணுவுக்கும் அதே சீனிதான் சாப்பாடாம். அதையும் பட்டினி போட்டா யாரு சண்டை போடுறது?"

ஜெயபாலன் ஆழ்ந்து யோசித்தார். அனுமதி தரலாம், ஆனால் போராங், அதாவது விண்ணப்பப் படிவம், நிரப்ப வேண்டும் என்றார். மூன்று பிரதி. சீனி தின்னப்போகும் அணுவின் பெயர், பதவி, கையொப்பம். இரு தரப்பையும் கேட்பதே நியாயம் என்பதால், ஆட்சேபம் தெரிவிக்கப் புற்றணுவுக்குப் பதினான்கு நாள் அவகாசம்.

"திங்கக்கிழமைக்கு நாலு நாள்தாண்ணே இருக்கு."

"அதுவரைக்கும் காவல் அணு விரதம் இருக்கட்டும்லா. தைப்பூசத்துக்கு நாம இருக்கல?"

எந்த மடையன் போட்ட சட்டம் இது என்று புஷ்பலதா கேட்டாள். தலைவர் மரியாதையாகத் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். முன்மொழிந்தவர் ஜெயபாலன். வழிமொழிந்தவர் புஷ்பலதா. அது அடுத்த தெருக் காளியம்மாவுக்கு இதே நோய் கண்ட மாதம். அவள் வீட்டுச் சீனி டப்பாவைப் பறிமுதல் செய்து வந்தவளும் புஷ்பலதாதான். அன்றைக்குப் பெருமையாக இருந்தது. இன்றைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

நேரே போய்க் காளியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாள். போன வருஷத்தைவிட ஒரு சுற்றுப் பெருத்திருந்த காளியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நீ தூக்கிட்டுப் போன டப்பாவுல ஒரு கரண்டிதாங்க்கா இருந்துச்சு. மிச்சமெல்லாம் அரிசி டின்னுக்குள்ள. தலைவரு வூட்டம்மாதான் சொல்லிக் குடுத்தாங்க. உக்காரு, தே போடுறேன். எத்தனை கரண்டி?"

நாலு நாளும் புஷ்பலதா அங்கேயே சாப்பிட்டாள். திங்கட்கிழமை நாற்பத்திரண்டே கால். மருந்து ஏறியது.

செய்தி கேட்ட நலக்குழு அவசரக் கூட்டம் போட்டு, சீனி ஒழிப்பின் மகத்தான வெற்றிக்காகத் தன்னைத் தானே பாராட்டிக்கொண்டது. அடுத்து, புதிதாக நோய் கண்ட யுகேந்திரன் வீட்டுச் சீனியைப் பறிமுதல் செய்ய ஆள் கேட்டார்கள். முதலில் கை தூக்கியது புஷ்பலதா. புறப்படும் முன் அவனுக்குப் போன் போட்டு, வீட்டில் அரிசி டின் இருக்கிறதா என்று மட்டும் விசாரித்துக்கொண்டாள்.

இப்போதெல்லாம் தாமான் மெலோரில் எந்த வீட்டுச் சோறும் லேசாக இனிக்கிறது. அதைப் பற்றி யாரும் குழுவில் பேசுவதில்லை.