ரெடி ஸ்டெடி டீச்சர் கை தூக்கிய கதை

திண்டுக்கல்லில் மனிதர்களை வரிசையில் நிறுத்தும் வேலையைக் கடவுள் ஒரே ஒருவரிடம்தான் ஒப்படைத்திருந்தார். அவர் ரெடி ஸ்டெடி டீச்சர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டோடு சரி. பெண்கள் பள்ளி ஒன்றில் விளையாட்டு டீச்சர். பேகம்பூரில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர் மட்டும்தான்.

தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தால் அவர் "ரெடி... ஸ்டெடி..." என்று இழுத்து, "கோ" சொன்ன பிறகுதான் யாரும் குடத்தை நகர்த்தலாம். ஒரு கல்யாணத்தில் பந்திக்கு முண்டியடித்த கூட்டத்தை உயர வாரியாக நிற்க வைத்தார். பெண்ணின் மாமனார் குள்ளம். அன்றைக்கு முதல் இலையில் உட்கார்ந்தவர் அவர்தான். இன்னொரு நாள் தெருவில் ஒரு சாவு. பாடையைத் தூக்கிய நான்கு பேரும் நான்கு விதமாக நடந்தார்கள். ஓரமாக நின்ற டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்; முடியவில்லை. "லெஃப்ட்... ரைட்..." என்று மெல்லச் சொன்னார். அதன் பிறகு பாடை ஆடாமல் போனது.

அப்பேர்ப்பட்டவர் ஒரு சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, கரண்ட் பில் கட்டியாச்சா என்று கேட்கிற குரலில் சொன்னார்:

"மார்புல கட்டியாம்மா. கேன்சராம். வலது பக்கத்த மொத்தமா எடுக்கணும்ங்குறாக. ஸ்போர்ட்ஸ் டே முடியட்டும் டாக்டர்னேன். அவரு ஒத்துக்கல."

"நீ ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்குற? கொடியில துணி கெடக்கு பாரு, மழை வருது" என்றார்.

மதுரையில் ஆபரேஷன். அவருடைய வீட்டுக்காரர் தபால் ஆபீஸில் வேலை பார்த்தவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசாதவர். அவருக்குத் துணையாக நானும் போனேன். உள்ளே நடந்ததைப் பிறகு நர்ஸ் சொன்னார். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர், "ஒண்ணு ரெண்டு எண்ணுங்கம்மா" என்றிருக்கிறார். டீச்சர் எண்ணவில்லை. "ரெடி... ஸ்டெடி..." என்றவர் அத்தோடு தூங்கிப்போனார். சாயங்காலம் கண் விழித்ததும் தண்ணீர் கேட்கவில்லை, புருஷனைத் தேடவில்லை. வறண்ட வாயைத் திறந்து "கோ" என்றார். அதுவரை கல் மாதிரி இருந்த மனிதர் அப்போதுதான் என் முன்னால் அழுதார்.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தது விசாரிப்புப் படையெடுப்பு. முதலில் நத்தத்திலிருந்து அவருடைய சின்னம்மா வந்து சேர்ந்தார். உட்காரும்போதே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எங்க ஊருல ஒருத்திக்கு இப்பிடித்தான் ஆத்தா எடுத்தாக. நல்லாத்தான் இருந்தா. ஆறே மாசத்துல..." என்று தொடங்கினார்.

"சின்னம்மா, செத்த நேரம் பொறுங்க" என்று கையமர்த்திய டீச்சர், உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏங்க, அந்த மொறத்த எடுத்துட்டு வாங்க."

முறம் நிறையச் சின்ன வெங்காயம் வந்தது.

"இந்த வீட்டுல அழுகுறவுக உரிச்சுக்கிட்டே அழுகணும். சட்டம் போட்டாச்சு. இப்பச் சொல்லுங்க, அந்தப் பொம்பளைக்கு அப்பறம் என்ன ஆச்சு?"

சின்னம்மாவுக்கு ஐந்தாவது வெங்காயத்திலேயே கதை மறந்துவிட்டது. அடுத்து வந்தவர்களுக்கும் அதே மரியாதைதான். கொஞ்ச நாளில் தெரு முழுக்க வெங்காய சாம்பார் மணத்தது. ஒரு நாள் காலை டீச்சரின் வீட்டுக்காரர் சுவரோரம் வந்து என்னிடம் கவலையோடு கேட்டார்: "இன்னைக்கு யாரும் வர்ற மாதிரி தெரியலையேம்மா. சோத்துக்கு வெஞ்சனம் என்ன வைக்க?"

வலது கைதான் பெரிய பாடாக இருந்தது. அக்குளில் உள்ள நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டதால் கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. சுவரைப் பார்த்து நின்று, எறும்பு ஏறுகிற மாதிரி விரல்களை மேலே மேலே நகர்த்தச் சொல்லியிருந்தார்கள். டீச்சர் சுவரில் பென்சிலால் தினமும் ஒரு கோடு போட்டார். ஒரு நாள் கோடு திடீரென்று முந்தின நாளைவிட ஒரு சாண் மேலே இருந்தது. எனக்குச் சந்தேகம். மறுநாள் பின்னால் போய் நின்று பார்த்தேன்.

"டீச்சர், குதிகால் தரையில இல்ல!"

திருட்டு முழியோடு திரும்பினார். பிறகு அவரே ரப்பரை எடுத்து அந்தக் கோட்டை அழித்தார். "ஃபவுல்தான்" என்றார்.

மருந்து ஏற்றியதில் தலைமுடி கொட்டியது. "தொப்பி போடுற உத்தியோகம்தானே" என்று அதை ஒதுக்கிவிட்டார். ஆனால் வாசலைத் தாண்ட மட்டும் மறுத்தார். கடைத்தெருவுக்கு வாங்க என்று பலமுறை கூப்பிட்டுப் பார்த்தேன். ஒரு நாள் கட்டிலில் சுருண்டு படுத்தபடியே சொன்னார்:

"வெளிய வந்தா மொகத்தப் பாத்தா பேசுவாக? கண்ணு எங்க போகும்னு எனக்குத் தெரியாதா? அம்புட்டுப் பிள்ளைக முன்னாடி பனியன் போட்டுக்கிட்டு எப்பிடிம்மா நிப்பேன்?"

அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன்.

நாலைந்து நாள் கழித்து அவரே கூப்பிட்டார். புடவை கட்டிப் புறப்பட்டு நின்றார். வலது பக்கம் சரியாக இருந்தது. "பஞ்சு வெச்சுப் பாத்தேன், கனமே இல்ல, மேல மேல ஏறுது. துணிப்பை தச்சுக் கேப்பையப் போட்டுட்டேன். எப்பிடி?" என்றார். எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

காய்கறி மார்க்கெட் வரைக்கும் நன்றாகத்தான் நடந்தார். கத்திரிக்காய்க் கடை முன்னால் நின்றபோது காலைச் சுற்றி ஏதோ கொக்கரித்தது. குனிந்து பார்த்தால் இரண்டு கோழிகள். வந்த வழி நெடுகக் கோடு போட்ட மாதிரி கேழ்வரகு. பையில் தையல் விட்டுப்போய்ப் புடவைக்குள்ளிருந்து மணி மணியாக உதிர்ந்துகொண்டிருந்தது. கோழிகள் ஒன்றை ஒன்று முட்டித் தள்ளிக்கொண்டு பொறுக்கின.

டீச்சர் அசையாமல் நின்றார். கடைக்காரர் பார்த்தார். பக்கத்தில் நின்ற பெண்கள் பார்த்தார்கள். இனி இந்த மனுஷி ஜென்மத்துக்கும் வெளியே வரமாட்டார் என்று நினைத்தேன்.

அவர் கோழிகளை உற்றுப் பார்த்தார். விரலை நீட்டினார்.

"ஏய், முண்டக் கூடாது. லைன்ல வா!"

சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், தையல் போட்ட இடம் வலிக்க வலிக்க, கத்திரிக்காய்க் கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைக்காரருக்கு ஒன்றும் புரியாமலே சிரிப்பு வந்துவிட்டது. டீச்சர் ஒதுங்கி நின்று, புடவைக்குள் கைவிட்டு அந்தப் பையை உருவினார். மிச்சக் கேழ்வரகையும் கோழிகளுக்கே கொட்டினார். "வாம்மா, போவோம். பாக்குறவுக பாத்துட்டுப் போகட்டும்" என்றார். திரும்பி வரும்போது நெஞ்சு ஒரு பக்கம் தட்டையாக, தலை நிமிர்ந்து நடந்தார்.

பள்ளிக்குத் திரும்பிய முதல் நாள் என் ஸ்கூட்டரில்தான் கொண்டுபோய் விட்டேன். போக மனமில்லாமல் பள்ளி கேட் பக்கத்திலேயே நின்றேன். பிள்ளைகளிடம் யாரோ முன்கூட்டியே சொல்லிவைத்திருப்பார்கள் போல. மைதானத்தில் வரிசை கோணாமல் நின்றார்கள். டீச்சர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் போய் நின்றார்.

"கைகள் மேலே!"

இடது கை விறைப்பாக மேலே போனது. வலது கை தோளைத் தாண்டி, காது வரைக்கும் வந்து, அங்கேயே நின்றுவிட்டது.

எதிரே அத்தனை பிள்ளைகளும் இடது கையை முழுசாகத் தூக்கினார்கள். வலது கையைக் காது வரைக்கும் தூக்கி நிறுத்திக்கொண்டார்கள். ஒருத்தி கூடப் பிசகவில்லை.

டீச்சர் அந்த வரிசைகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

"அடியேய், ஆபரேஷன் எனக்கா ஒங்களுக்கா? சோத்தத்தான திங்கிறீங்க? நல்லாத் தூக்குங்கடி!"

சிரிப்பும் கூச்சலுமாகக் கைகள் உயர்ந்தன. டீச்சர் தொப்பியைக் கண்ணுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பி நின்றார். வெயில் ஒன்றும் அப்படி அடிக்கவில்லை.

இப்போது நான் வேறு ஊரில் இருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவருக்குப் பரிசோதனை. ரிப்போர்ட் வாங்கிய கையோடு போன் செய்து, "ஒண்ணுமில்லையாம், வெச்சிடவா?" என்பார். அந்த போன் வருகிற வரைக்கும் எனக்கு அன்றைக்கு ஒரு வேலையும் ஓடாது. அடுப்பில் வைத்த பால்கூடப் பொங்கி வழியும். இதை அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் திட்டுவார்.

திட்டட்டும். இன்னும் ஒரு நாற்பது வருஷம் திட்டட்டும்.