லோரெட்டா வேலைக்குப் போன ஊர்வலம்

எங்கள் அமெரிக்கச் சட்டத்தின்படி, ஜப்பானில் அந்த ஊர்க்காரர்களுக்காகவே செய்த கார், புதிதாக இருக்கும்வரை ஆபத்தானது. அதற்கு இருபத்தைந்து வயது முடியும் அன்று காலையில் ஆபத்து விலகிவிடும். பிரேக் தேய்ந்து, அடித்தகடு துருப்பிடித்து, ரப்பரெல்லாம் பொடிப்பொடியாக உதிரத் தொடங்கிய பிறகு தாராளமாக இறக்குமதி செய்துகொள்ளலாம். விலகிய ஆபத்து எங்கே போகிறது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் அதற்கும் ஒரு படிவம் வந்துவிடும் என்ற பயம்தான்.

கெட்டில்பரோவில் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து சிறுகார் அன்பர் சங்கம் நடத்துகிறோம். நான் செயலாளர். ஜப்பானில் ஏலத்துக்கு வரும் பழைய கார்களின் மதிப்பெண் சீட்டுகளை வாராவாரம் மேசையில் விரித்து ஆராய்வது எங்கள் தலையாய பணி. எங்களில் ஒருவருக்கும் ஜப்பானிய மொழி தெரியாது. ஆனாலும் "இந்த நாலரை மதிப்பெண் வேற, அந்த நாலரை வேற" என்று யாராவது சொன்னால், எல்லோரும் தாடையைத் தடவிக்கொண்டு ஆமாம் என்போம்.

சங்கத் தலைவர் வென்டெல் ஸ்ட்ரவுட், ஓய்வுபெற்ற தபால்காரர். எங்கள் நாட்டில் மற்ற வண்டிகளுக்கெல்லாம் ஸ்டியரிங் இடப்பக்கம்; இவர் முப்பது வருடம் தபால் வண்டியில் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டியவர், ஆகவே ஜப்பானியக் காருக்கு இயற்கையாகவே தகுதி பெற்றவர். சுசுகி கப்புசினோ என்ற சிவப்பு நிறக் குட்டிக் கார் ஒன்றை அதன் இருபத்தோராவது வயதில் ஏலத்தில் எடுத்து, யோகோஹாமா பக்கம் ஒரு கொட்டகையில் நான்கு வருடம் காக்க வைத்தார். இருபத்தைந்தாவது பிறந்தநாளன்று இங்கே நாங்கள் கேக் வெட்ட, அங்கே கொட்டகைக் காவலாளி போனில் காரைக் காட்டினார். யாருடைய பிறந்தநாள் என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. ஆனாலும் குனிந்து வணங்கினார், மரியாதை தெரிந்தவர்.

கார் வந்து இறங்கிய வாரம், வீட்டில் இருந்த ஒரே பிக்கப் வண்டியை வென்டெல் விற்றுவிட்டார். அந்தப் பிக்கப்பில்தான் அவர் மனைவி லோரெட்டா பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்குப் போய்வந்தார்.

"நான் எதுல போறது?" என்றார் லோரெட்டா.

"இதுலதான். நானே கொண்டு விடறேன்."

"இதுக்கு நம்பர் பலகையே இல்லையே வென்டெல். சரி, கேட்டுக்கோ. நவம்பர் கடைசி, தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வரைக்கும்தான் பொறுப்பேன். அதுக்குள்ள இது என்னை வேலைக்குக் கூட்டிட்டுப் போகணும். இல்லைன்னா இதை விலைக்குக் கேட்டு வாராவாரம் போன் பண்றாரே அந்தப் பல் டாக்டர், அவருக்கு வித்துடுவேன்."

லோரெட்டா சொன்னால் செய்பவர். அது வென்டெலுக்கு நன்றாகத் தெரியும். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு வாகனப் பதிவு அலுவலகத்துக்கு ஓடினார்.

நான்காம் எண் ஜன்னலில் ஆர்டிஸ் க்ளெம் அம்மையார் வீற்றிருந்தார். வென்டெலும் அவரும் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போனபின் அவருக்கு அது நினைவில்லை.

"மிஸ்டர் ஸ்ட்ரவுட், காரோட சேசிஸ் எண்ணுக்கு இந்தப் படிவத்துல பதினேழு கட்டம் இருக்கு. உங்க கார்ல பன்னண்டுதான் இருக்கு."

"கார் சின்னது ஆர்டிஸ். எண்ணும் அதுக்கு ஏத்த மாதிரிதான்."

"மீதி அஞ்சு கட்டத்துல என்ன போடறது?"

"காலியா விட்டுடுங்க."

"காலியா விட்டா கம்ப்யூட்டர் ஒத்துக்காது." அம்மையார் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினார். "ஒரு வழி இருக்கு. இருபத்தஞ்சு வயசு ஆகலைன்னா இந்தக் கார் நாட்டுக்குள்ளயே வர முடியாது. ஆயிடுச்சுன்னா அது பழம்பொருள். பழம்பொருள் நம்பர் பலகைக்குப் பன்னண்டு கட்டம் போதும்."

"அதை வெச்சு ஓட்டலாமா?"

"தாராளமா ஓட்டலாம். ஊர்வலத்துல மட்டும்."

வென்டெல் ஜன்னலுக்குள் எட்டிப் புத்தகத்தைப் பார்த்தார். பிறகு, "ஊர்வலம்னா என்னன்னு புத்தகத்துல போட்டிருக்கா?" என்றார்.

அம்மையார் வாசித்தார்: "கொடி ஒன்று, வாத்தியம் ஒன்று, வேடிக்கை பார்ப்பவர் ஒருவரேனும் இருக்க, ஏதேனும் ஒன்றைக் கொண்டாடும் பொருட்டு, நடை வேகத்தில் ஒரே திசையில் நகர்வது."

"ஏதேனும் ஒண்ணுன்னா, எதை வேணும்னாலும் கொண்டாடலாமா?"

"ஏதேனும்னுதான் இருக்கு. நான் மாத்த முடியாது."

மறுநாள் காலை ஆறரைக்கு முதல் ஊர்வலம் புறப்பட்டது. துடைப்பக் கட்டையில் கொடி. வாத்தியத்துக்கு நான், பின்னால் மவுத் ஆர்கன் ஊதிக்கொண்டு நடந்தேன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு, அப்போது செப்டம்பர். வேடிக்கை பார்க்க என் மனைவி வாசலில் நின்று கொட்டாவி விட்டார். ஊர்வலத்துக்கு ஊராட்சியிடம் அனுமதி கேட்கும் மனுவில் 'கொண்டாடும் காரணம்' என்ற இடத்தில் 'லோரெட்டா ஸ்ட்ரவுட் வேலைக்குப் போவது' என்று எழுதியிருந்தோம். மறுநாள் மனுவில் 'நேற்றுப் போனதன் நினைவு' என்று எழுதினோம். இரண்டுக்கும் முத்திரை விழுந்தது.

ஊர்வலத்தை யாரும் முந்தக் கூடாது என்பது விதி. பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் முதலில் ஹாரன் அடித்தார்கள். ஊர்வல வண்டிக்கு வருடாந்தரச் சோதனை கிடையாது என்று தெரிந்ததும் ஹாரன் நின்றது. ஒவ்வொருவராகப் பழைய காரைத் தேடிப்பிடித்துக் கொடி கட்டிவிட்டார்கள். அக்டோபரில் பன்னிரண்டு வண்டி, நவம்பரில் அறுபது.

ஃபேஷனும் சேர்ந்துகொண்டது. ஸ்டியரிங் வலப்பக்கம் இருப்பதால், வண்டியில் இருந்தபடியே காபி வாங்கும் ஜன்னல் வென்டெலின் கைக்கு எட்டாது. அதனால் நீளமான இடுக்கி ஒன்று வைத்திருந்தார். ஒரே மாதத்தில் ஊரே இடுக்கி வாங்கிவிட்டது. காபி ஜன்னல் மூக்குக்கு நேராக இருப்பவர்கள்கூட இடுக்கியால் வாங்கி, பாதியை மடியில் கொட்டிக்கொண்டு பெருமையாகப் போனார்கள்.

லோரெட்டா மூன்றாம் நாளே காரைவிட்டு இறங்கிவிட்டார். தன்னைக் கொண்டாடும் ஊர்வலத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே தினமும் நடந்து போய்ச் சேர்ந்தார்.

"இது என்னைக் கூட்டிட்டுப் போகலை. நான்தான் இதைக் கூட்டிட்டுப் போறேன். தேங்க்ஸ்கிவிங்குக்குப் பத்து நாள்தான் இருக்கு" என்றார், நவம்பர் நடுவில் ஒரு திங்கட்கிழமை காலை.

அந்தத் திங்கட்கிழமை வடக்கே இருந்து வந்த ஊர்வலமும் தெற்கே இருந்து வந்த ஊர்வலமும் நாற்சந்தியில் எதிரெதிரே நின்றன. ஊர்வலம் யாருக்கும் வழிவிட வேண்டியதில்லை என்று விதி. இரண்டும் ஊர்வலமாக இருந்தால் என்ன செய்வதென்று விதியில் இல்லை. இரண்டு மணிநேரம் இருபக்கமும் வாத்தியம் முழங்கியது. நடுவில், தன் காருக்குள், ஆர்டிஸ் அம்மையார். நான்காம் எண் ஜன்னல் பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாகத் திறக்கவில்லை.

"யாரு இந்தக் கூத்துக்கெல்லாம் அனுமதி குடுத்தது?" என்று அவர் கண்ணாடியை இறக்கிக் கத்தினார்.

பக்கத்தில் நடந்துபோன லோரெட்டா நிற்காமல் சொன்னார்: "நீங்கதான் ஆர்டிஸ்."

மறுநாளே வென்டெலுக்கு அழைப்பு வந்தது. மீதி ஐந்து கட்டத்திலும் பூஜ்யம் போட்டால் கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்கிறது என்று துறை தீர ஆராய்ந்து கண்டுபிடித்திருந்தது. சாதாரணப் பலகையைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். சங்கத்தின் மற்ற கார்களுக்கும், கொடி கட்டிய ஊரார் கார்களுக்கும் அவ்வாறே ஆயிற்று; ஊர்வலங்கள் நின்றன.

அடுத்த காலை லோரெட்டா எட்டே நிமிடத்தில் பள்ளிக்கூடத்தில் இருந்தார். "கார் நல்லாத்தான் இருக்கு. இருக்கட்டும்" என்றார். பல் டாக்டரும் போன் செய்தார். சாதாரணப் பலகை என்று கேட்டதும், "அப்ப யார் வேணும்னாலும் ஓட்டலாமா? எனக்கு வேண்டாங்க" என்று வைத்துவிட்டார்.

வென்டெல் ஜெயித்துவிட்டார். ஆனால் மூன்றே நாளில் மனிதர் வாடிப்போனார். வாசலில் யாரும் நிற்கவில்லை, கை ஆட்டவில்லை. சங்கக் கூட்டத்துக்கு நாங்கள் இரண்டே பேர். தேங்க்ஸ்கிவிங் விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த அன்று மறுபடி நான்காம் எண் ஜன்னலுக்குப் போனோம்.

"அந்த ஊர்வலப் பலகையையே திருப்பிக் குடுத்துடு ஆர்டிஸ்" என்றார் வென்டெல்.

அம்மையார் கோபப்படவில்லை. புத்தகத்தைத்தான் திறந்தார்.

"வேடிக்கை பார்ப்பவர் ஒருவரேனும் இருக்கணும் மிஸ்டர் ஸ்ட்ரவுட். இப்ப உங்களை யாரு பார்க்கிறா?"

வென்டெல் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் சட்டைப்பையில், நான் ஏலத்தில் எடுத்த காருக்கு யோகோஹாமா கொட்டகை தந்த ரசீது இருந்தது. மஞ்சள் நிறம், இரண்டு இருக்கை, வயது இருபத்திரண்டு. இன்னும் மூன்று வருடத்துக்கு அது ஆபத்தான கார். கூட்டத்துக்கு வராத சங்கத்தார் எல்லோரும், அதன் படம் பார்க்க என் வீட்டுக்கு வந்து, இப்போது என்னைத்தான் பார்க்கிறார்கள்.