உப்புக்கு வந்த போட்டி

“அப்போ அக்கரைக்காரங்க நூறு வயசு வாழணும், நாங்க மட்டும் உப்பைத் தின்னு சாகணும். அப்படித்தானே டாக்டரம்மா?”

ஊர்த்தலைவர் மாமிர் கிண்ணத்தை வைத்த வேகத்தில் விரிப்பெல்லாம் தேநீர் தெறித்தது. டாக்டர் சைராகுல் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

நாரின் மலைப்பக்கம் உப்புப் போட்ட பால் தேநீர் இல்லாமல் பொழுது விடியாது. ரத்த அழுத்தம் ஏறி, கை கால் விழுந்து, அவளுடைய அப்பா போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து அவளுக்கு உப்போடு ஜென்மப் பகை. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு இரண்டு முறை எழுதினாள். “மேய்ப்பர்கள் பழக்கத்தை மாற்ற மாட்டார்கள்” என்று தலைநகரத்துப் பெரிய மனிதர்கள் இரண்டு முறையும் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் மூக்கை உடைக்காமல் விடுவதில்லை என்று மறுபடி கிளம்பிவிட்டாள். ஆற்றுக்கு இக்கரையில் மாமிரின் ஊர் வழக்கம்போலக் குடிக்கும், அக்கரை ஊர் மூன்று வருடம் உப்பைக் குறைக்கும், ஒப்பிட்டுக் காட்டுவாள். இரண்டு ஊர்த்தலைவர்களின் சம்மதமும் இன்றைக்கே தலைநகரத்துக்குப் போயாக வேண்டும்.

“யாராவது ஒருத்தர் பழையபடி இருந்தாத்தானே அண்ணே ஒப்பிட முடியும்?”

“குதிரைப் பந்தயத்துல எங்ககிட்ட பரிசு ஆட்டைப் பறிகொடுத்தானே அக்கரைத் தலைவன் இசாபெக், அவன் பழையபடி இருக்கட்டும்!” மாமிர் உள்பக்கம் திரும்பிக் கத்தினார். “ஏய், இனிமே நம்ம ஊர்ல ஒருத்தன் கிண்ணத்துலயும் உப்பு விழக்கூடாது. போய்ச் சொல்லு!”

சைராகுல் சளைக்கவில்லை. ஊர்களை மாற்றிப் போட்டால் தீர்ந்தது. பாலத்தைத் தாண்டி இசாபெக் வீட்டுக்கு ஓடினாள்.

“நீங்க வழக்கம்போலக் குடிங்க அண்ணே, அது போதும்.”

“மாமிர் உப்பை விட்டுட்டானா?”

“விட்டுட்டாரு. அதனாலதான்...”

“அவனால முடியும், என்னால முடியாதா?” இசாபெக் உப்பு மூட்டையைத் தூக்கிப்போய் ஆட்டுப்பட்டியில் கொட்டினார். ஆடுகளுக்குக் கொண்டாட்டம்.

அவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “மூணே மூணு வருஷம் குடிங்கண்ணே, அப்புறம் விட்டுடலாம்” என்று கெஞ்சித் தொலைத்தாள்.

“டாக்டரே உப்பைத் தின்னச் சொல்றதா? நல்லா இருக்கும்மா நியாயம்!” என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு கரையிலும் வீட்டுக்கு வீடு உப்பு வாசலுக்கு வந்துவிட்டது.

ஒப்பிட இப்போது ஊரே இல்லை. சைராகுலுக்கு அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. “தலைகீழா நின்னாவது அந்தப் பணத்தை வாங்குவேன்! மேய்க்கிறவன் மாறமாட்டான்னு எழுதினவங்க வாயை அடைக்காம ஓயமாட்டேன்!” என்று இசாபெக்கின் மேசையில் ஓங்கிக் குத்தினாள்.

இசாபெக்கின் மனைவி உப்பில்லாத தேநீரை அவள் முன்னால் நகர்த்தினாள்.

“ஆறிடும், குடிங்கம்மா. மூணு வருஷ வேலை மத்தியானச் சோத்துக்கு முன்னாடியே ஆயிடுச்சே, இன்னும் எதுக்குப் பணம் கேக்குறீங்க? மாறிட்டாங்கன்னு எழுதிப் போடுங்க!”