பதினேழாம் நம்பர் பனியன்

என் பேர் சிவசுப்பிரமணியம். இதை நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. என் வீட்டில் வேறு யாரும் சொல்வதில்லை. மனைவி மயிலாளுக்குக் கல்யாணமான நாள் முதல் நான் 'ஏனுங்க'தான். புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையுமாம். இருக்கிற ஆயுசை வைத்துக்கொண்டு நான் என்ன சுகத்தைக் கண்டேன் என்று அவள் கேட்டதில்லை.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம். திருப்பூரில் எனக்குச் சின்னதாக ஒரு பிரிண்டிங் பட்டறை. அமெரிக்காவில் ஒரு புட்பால் டீம். முட்டை மாதிரி இருக்கிற பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். அந்த டீமின் ரசிகர்களுக்கு ஊதாப் பனியன் ஆர்டர் வந்தது. இறுதி ஆட்டத்துக்கு முன்பே, நெஞ்சில் 'சாம்பியன்', முதுகில் அவர்களுடைய பெரிய ஆட்டக்காரனின் நம்பர் பதினேழு என்று அடித்து வைக்க வேண்டும். அடித்தோம். டீம் தோற்றது. ஆர்டர் கேன்சல். பனியன் மூட்டைகள் என் வீட்டு நடையில் வந்து உட்கார்ந்தன. எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆறுதலுக்கு ஏஜெண்ட் அந்த டீமின் பழைய ஆட்டம் ஒன்றின் வீடியோ கேசட்டைக் கொடுத்தார். போட்டுப் பார்த்தேன். கொட்டுகிற பனியில், சட்டையில்லாமல், உடம்பெல்லாம் ஊதாப் பெயின்ட் பூசிக்கொண்டு ஆயிரக்கணக்கான பேர், தோற்கிற டீமுக்காகத் தொண்டை கிழியக் கத்தினார்கள். பதினேழாம் நம்பர்காரன் பந்தைக் கோட்டை விட்டான். அவன் பேரைச் சொல்லி இன்னும் உரக்கக் கத்தினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நானும் தோற்றவன்தான். எனக்காக என் வீட்டில் ஒரே ஒரு குரல் வேண்டும், அதுவும் பேர் சொல்லி.

"மயிலா! இனிமே இந்த ஊட்டுல நான் பிளேயரு. நீ ரசிகை. என் பேரைச் சொல்லிக் கத்தோணும்" என்று அறிவித்தேன்.

அவள் கேசட்டை முழுசாகப் பார்த்தாள்.

"ஏனுங்க, அவிங்கெல்லாம் உக்காந்துட்டே கத்தறாங்களே, எறங்கி உள்ள போறதில்லீங்களா?"

"ரசிகன் எப்படி உள்ள போவான்? போனாப் போலீஸ் புடிச்சுரும்."

"அப்ப ஓடறது, உழுகறது, ஒதை வாங்கறது?"

"அதெல்லாம் பிளேயரு வேலை."

"சரீங்க. ஆனாப் பேரு மட்டும் சொல்ல மாட்டனுங்க. உங்க ஆயுசு முக்கியமுங்க."

"பின்ன என்னத்தைச் சொல்லிக் கத்துவே?"

"முதுகுல நம்பரு இருக்குதுங்களே!"

மறுநாள் காலையில் வீதிக் குழாயில் தண்ணீர் வந்தது. வாரத்துக்கு ஒரு தரம் வருகிற தண்ணீர். மயிலாள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். சேலைக்கு மேல் ஊதாப் பனியன். பக்கத்து வீட்டுப் பொன்னாத்தாளுக்கு ஒன்று, எதிர்வீட்டுக் காளியாத்தாளுக்கு ஒன்று. எனக்கும் ஒன்றை மாட்டிவிட்டிருந்தாள்.

"குடத்தை எடுங்க. மேட்ச் ஆரம்பிச்சாச்சு."

"நானா?"

"நான் உள்ள வந்தாப் போலீஸ் புடிச்சுருமுங்களே!"

குடத்தை இடுக்கிக்கொண்டு ஓடினேன். "பதினேழு! பதினேழு!" என்று வீதியே அதிர்ந்தது. வழுக்கி விழுந்தேன். இன்னும் உரக்கக் கத்தினார்கள். பொன்னாத்தாள் தட்டைக் கரண்டியால் அடித்தாள். ஒருவழியாகத் தொட்டி நிறைந்தது.

"போதுமா?"

"பாதி ஆட்டந்தானுங்க முடிஞ்சுது. துணி தொவைக்கோணுமில்லீங்களா?"

"எனக்கு இந்த ஆட்டமே வேண்டாம். விலகிக்கறேன்."

மயிலாள் முகம் வாடிவிட்டது. "அதெப்பிடிங்க? முந்தி ஒருக்காச் சாயம் ஓடிப்போயி மொத்தத் துணியும் திரும்பி வந்தப்ப நான் உங்களை உட்டுப்போட்டுப் போனனா? இப்ப மூட்டை மூட்டையா நடையில கெடக்குது, ஒரு வார்த்தை சொன்னனா? தோத்தாலும் ஜெயிச்சாலும் நான் உங்க பக்கந்தானுங்க."

உலகத்தில் எனக்கும் ஒருத்தி இருக்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு துணி மூட்டையோடு துவைக்கிற கல்லுக்குப் போனேன்.

அதிலிருந்து தண்ணீர் வருகிற நாளெல்லாம் மேட்ச்தான். ஒரு நாள் பட்டறை விஷயமாக ஒருவர் வந்து, சிவசுப்பிரமணியம் வீடு எது என்று பொன்னாத்தாளிடம் கேட்டார். நான் குடத்தோடு அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

பொன்னாத்தாள் நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அப்பிடி இந்த வீதில ஆருமில்லீங்களே!"