மீன் வாயில் சென்சார்

அரிமளத்தில் மோட்டார் சைக்கிளுக்கு ஜாதகம் பார்த்தார்கள். சிரிக்காதீர்கள். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பத்துப் பொருத்தம் பார்க்கிற நாம், கார்புரேட்டருக்குப் பார்த்தால் மட்டும் குறைந்தா போவோம்?

பார்த்தவர் மெக்கானிக் நாகராசு. போன வருஷம்வரை கையில் கிரீஸ். இப்போது நெற்றியில் பட்டை, கழுத்தில் கொட்டை, பெயர் 'என்ஜின் சித்தர்'. குளத்தூர், திருவரங்குளம் என்று எங்கெங்கிருந்தோ பழைய வண்டிக்காரர்கள் வந்து, ஆர்.சி. புக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வண்டி பதிவான நாள்தான் பிறந்த நாள். அதை வைத்து ராசி. ராசிக்கேற்ற சென்சார். சிம்ம ராசிக்குச் சிவப்பு ஒயர், கடகத்துக்கு வெள்ளை.

என்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் எந்த அளவில் சேர்ந்து எரிகின்றன என்று புகையை வைத்துச் சொல்லும் சென்சார் நிஜமாகவே உண்டு. பொய்க்குப் பக்கத்தில் கொஞ்சம் நிஜத்தை உட்கார வைத்தால்தானே கடை ஓடும்!

நாகராசு சென்சாரை சைலன்ஸருக்குள் செருகுவார். மீட்டருக்கு உயிர் வேண்டும் என்று இரண்டு கிளிப்பை வண்டி பேட்டரியில் மாட்டுவார். ஆக்ஸிலேட்டரை முறுக்குவார். சிவப்பு எண் பதினாலைத் தொடும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய பதினாலு பங்கு காற்று, அதுதான் நல்ல கணக்கு.

"தோஷம் கழிஞ்சிருச்சு! இனி வண்டி வெரதம் இருக்கணும்" என்பார். விரதம் என்றால் வேறொன்றுமில்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் ஜெட்டைக் கழற்றிவிட்டு, அதைவிடச் சின்ன ஓட்டை ஜெட்டைப் போட்டுவிடுவார். பெட்ரோல் குறையும், மைலேஜ் ஏறும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

பட்டினி கிடக்கிற என்ஜின் கொதிக்குமே! அப்படி விரதம் வாங்கிப்போன அடைக்கலத்தின் வண்டி திருமயம் ரோட்டில் பிஸ்டன் இறுகி நின்றது. தள்ளிக்கொண்டே வந்தார்.

"ஏழரை நாட்டுச் சனி. வெரதத்தக் கூட்டணும்" என்றார் நாகராசு.

"சாமி சொன்னாச் சரிதாங்க" என்றார் அடைக்கலம். இந்த மனுஷரை என்ன செய்வது, சொல்லுங்கள்!

மீன்காரி சந்தனமேரியும் அந்த வரிசையில் நின்று விரதம் வாங்கியவள்தான். ஜெகதாப்பட்டினத்தில் மீன் எடுத்து அரிமளம் கொண்டுவருவதற்குள் வண்டி மூன்று இடத்தில் மூச்சடைத்து நின்றது. ஐஸ் உருகி, மீன் நாறியது. இந்த வண்டியும் இறுகிவிட்டால் யாவாரம் போச்சு, அடுப்பும் போச்சு என்று பயந்தாள். கோயம்புத்தூரில் ரேஸ் வண்டிகளுக்கு டியூனிங் பார்க்கும் தம்பி பெலிக்ஸுக்கு போன் போட்டாள்.

"எந்தச் சென்சார்டா நல்லது? ராசி பாத்துத்தான் வாங்கணுமாம்ல?"

"ராசியாவது மண்ணாவது! வெல கம்மியான சென்சாரு பெட்ரோல் கூடவா கொறச்சலான்னு மட்டுந்தான் சொல்லும். கார்புரேட்டர் டியூன் பண்ண எவ்வளவுன்னு நம்பரு தெரியணும். அதுக்கு அஞ்சு ஒயர் சென்சாருதான் சரி. ஞாயித்துக்கெழம எடுத்துட்டு வாரேன்."

"இந்தச் சித்தரு மீட்டரும் நம்பர் காட்டுதேடா."

"அப்ப வெளிய உருவிக் காத்துல புடிச்சுப் பாருக்கா. நெசச் சென்சார்னா நம்பரு தாறுமாறா ஏறணும்."

மறுநாள் காலை சந்தனமேரி மீன் பெட்டியோடு போய் நின்றாள். நாகராசு சென்சாரைச் செருகி முறுக்கினார். பதினாலு. கூட்டம் "ஆகா" என்றது. அவள் துணியைச் சுற்றி சென்சாரை வெடுக்கென்று உருவினாள்.

"ஏய், தீட்டு!" என்று அலறினார் சித்தர்.

அவள் பெட்டியைத் திறந்து, ஒரு சங்கரா மீனின் வாயைப் பிளந்து சென்சாரைச் சொருகிவிட்டு, தானே ஆக்ஸிலேட்டரை முறுக்கினாள். பதினாலு! இம்மி அசையவில்லை.

"பாருங்கய்யா, இந்த மீனுக்கும் தோஷம் கழிஞ்சிருச்சு!"

கூட்டத்தில் ஒருவர், "மீன ராசியா இருக்குமோ?" என்றார். பக்தி அவ்வளவு லேசில் இறங்குமா?

சந்தனமேரி ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு ஹாரனை அழுத்தினாள். எண் பன்னிரண்டுக்கு இறங்கியது. விட்டு முறுக்கினாள், ஏறியது. மறுபடி அழுத்தினாள், இறங்கியது.

"ஹாரன் அடிச்சா காத்தும் பெட்ரோலுமாண்ணே மாறும்?"

நாகராசு வாயைத் திறக்கவில்லை. மீன்தான் திறந்திருந்தது. யாரோ மீட்டரின் மேல் ஒட்டியிருந்த முருகன் படத்தை உரித்தார்கள். அடியில் 'வோல்ட்' என்று போட்டிருந்தது. வெறும் பேட்டரி மீட்டர்! ஓடுகிற எந்த நல்ல வண்டியின் பேட்டரியும் பதினாலைத் தொடும். சென்சார் ஒயர் எதிலும் சேராமல் டப்பாவுக்குள் சும்மா சுருண்டு கிடந்தது. தெய்வக் குற்றம், அது இது என்று முனகிக்கொண்டே சித்தர் பின்வாசல் வழியாக நடையைக் கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பெலிக்ஸ் வந்தான். அஞ்சு ஒயர் சென்சார் பதினாறுக்கு மேல் காட்டியது. காற்று அதிகம், பெட்ரோல் பட்டினி. பழைய ஜெட்டைத் திரும்பப் போட்டு, பாரம் ஏற்றி ஓட்டிப் பார்த்து, சுமை இழுக்கிற வண்டிக்கு ஏற்ற பதின்மூன்றுக்குக் கொண்டுவந்தான். மறுநாள் வண்டி எங்கும் நிற்காமல், ஐஸ் உருகாமல் வந்து சேர்ந்தது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் நம்ம ஊர் ஆயிற்றே! பெலிக்ஸ் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறும் நேரத்தில் அடைக்கலம் ஆர்.சி. புக்கோடு ஓடி வந்தார்.

"தம்பி, எனக்கும் ஒண்ணு வேணும். இந்த அஞ்சு ஒயரு என் வண்டி ராசிக்குப் பொருந்துமாங்க?"

சந்தனமேரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"வண்டிய அப்பறம் பாக்கலாம்ணே. மொதல்ல அந்தச் சென்சார ஒங்க மண்டைக்குள்ள சொருகுங்க. வெறும் காத்துத்தான் காட்டும்!"